ஏ.வி.எம். கால்வாயில் படகு விட யாரைக் கேட்பது? – ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியப்பா மகன் அண்ணன், கேரளத்துப் பூவாறிலிருந்து குமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவந்தார். பன்னிரண்டு பேர் உட்காரலாம், பின்னால் அவுட்போர்டு எஞ்சின். நெய்யாற்றுக் கழிமுகத்தில் சவாரிப் படகுகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. "அங்க ஓடுது. அதே கால்வாய்தான் நம்ம ஊர் வழியாவும் போகுது. இங்க மட்டும் ஓடாதா மக்கா?" என்றார்.

கேள்வியில் தப்பு இல்லை. எனக்குத் தொழில் வீட்டுக்கு பிளான் போடுவது. நகராட்சி, தாலுகா ஆபீஸ் என்று ஏறி இறங்கிப் பழகியவன். அதனால், "அனுமதிக்கு யாரப் பாக்கணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது. நான் அலைந்ததையும், அலைந்த இடத்தில் புரிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். நாளைக்கு வேறொருவர் படகு வாங்கினால் உதவும்.

கால்வாய் வந்த கதை

அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்பது முழுப்பெயர். பெயரிலேயே மூன்று எஜமானர்கள்: அனந்தபத்மநாப சுவாமி, விக்டோரியா மகாராணி, திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 1860-இல் வந்த திட்டம் இது. அன்று திவான் டி. மாதவராவ். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுப் பாதையால் இணைப்பது நோக்கம். வடக்கே போன பாதைக்காக வர்க்கலையில் குன்றைக் குடைந்து சுரங்கமே போட்டார்கள். தெற்கே வந்த பாதை பூவாறு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் என்று வந்து மண்டைக்காடு பக்கம் மணலில் நின்றுபோனது. மணக்குடிக்கும் குமரிக்கும் அது வரவே இல்லை.

தேங்காய், கொப்பரை, கயிறு ஏற்றிய வள்ளத்தைக் கழி ஊன்றித் தள்ளிப்போவதைச் சிறுவயதில் பார்த்ததாக எங்கள் பாட்டா சொல்வார். ரோடும் லாரியும் வந்ததும் வள்ளம் ஓய்ந்தது. பிறகு கால்வாயில் கதம்பல், அதாவது கயிறு திரிக்கும் தேங்காய் மட்டை, ஊறப்போட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து கால்வாய் என்றால் அந்த நாற்றம்தான்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே அரசு வெட்டிய கால்வாயின் தலை கேரளத்திலும் உடல் தமிழ்நாட்டிலும் ஆயின. பொழியூர் தாண்டி நீரோடி வந்தால் மாநிலம் மாறும். தண்ணீருக்கு அது தெரியாது, கோப்புக்கு நன்றாகவே தெரியும்.

அறுபது வருடம் கழித்து மூன்றாவதாக ஒருவர் வந்தார். 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் ஏப்ரல் 12 அன்று நடைமுறைக்கு வந்தபோது, முன்பிருந்த 5 நீர்வழிகளோடு 106 சேர்த்து மொத்தம் 111 என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் 13-ஆவது எண், ஏ.வி.எம். கால்வாய். பூவாறு கடற்கரையிலிருந்து இரையுமன்துறை வரை 11 கிலோமீட்டர். அதாவது நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை வழியாகக் குழித்துறை ஆற்றின் மேற்குக் கரை வரை. ஆற்றைத் தாண்டி தேங்காய்ப்பட்டணம், இனயம், குறும்பனை, குளச்சல் என்று போகிற மிச்சக் கால்வாய் பட்டியலில் இல்லை. அண்ணன் வீட்டுப் பின்புறம் ஓடுவது முதல் துண்டு. "அப்ப நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடுறது தேசிய நீர்வழி!" என்று அவர் இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தண்ணீர் யாருடையது, பயணம் யாருடையது

முதல் முடிச்சு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. தண்ணீர், கால்வாய், வடிகால், கரை ஆகியவை மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம். உள்நாட்டு நீர்வழிகளும் அதில் நடக்கும் போக்குவரத்தும் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனம், ஆனால் மற்றப் பட்டியல்களுக்குக் கட்டுப்பட்டது. எஞ்சின் வைத்த படகு என்றால் அது பொதுப்பட்டியலின் 32-ஆவது இனத்துக்குப் போய்விடும். அதே எஞ்சின் படகு நாடாளுமன்றம் அறிவித்த தேசிய நீர்வழியில் ஓடினால் மத்தியப் பட்டியல், 24-ஆவது இனம்.

இதை அண்ணனுக்கு விளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். "அண்ணே, நீங்க துடுப்பு போட்டா ஒரு சட்டம். எஞ்சின் மாட்டினா இன்னொரு சட்டம். எஞ்சினோட இரையுமன்துறைக்கு இந்தப் பக்கம் நின்னா டெல்லி, ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனா சென்னை." அவர் சிரிக்கவில்லை.

தேசிய நீர்வழி என்று அறிவித்தால் மத்திய அரசு தண்ணீரை எடுத்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கப்பல், படகுப் போக்குவரத்து என்ற நோக்கத்துக்கு மட்டும் கட்டுப்பாடு மத்தியிடம் போகிறது. நிலம், கரை, மழைத்தண்ணீர், பாசனம் எல்லாம் மாநிலத்திடமே இருக்கும். தாளில் இது தெளிவான பிரிவினைதான். ஆனால் தூர்ந்துபோன கால்வாயில் படகுப் பாதையையும் வடிகாலையும் எந்த மண்வெட்டியால் பிரிப்பது?

ஏழு மாதத்தில் கண்ட கதவுகள்

போக்குவரத்துக்கான மத்திய அமைப்பு இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம். 1985 சட்டத்தின்படி 1986 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. தலைமையகம் நொய்டாவில், நமக்குப் பக்கத்து அலுவலகம் கொச்சியில். துறைமுகங்கள், கப்பல், நீர்வழிகள் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. படகுப் பாதையை ஆழப்படுத்துவது, அடையாளக் கம்பமும் மிதவையும் வைப்பது, படகுத்துறை கட்டுவது, ஆய்வு செய்வது இதன் வேலை. கொல்லம்–கோட்டப்புரம் கால்வாயில், அதாவது 1993-இல் அறிவித்த 3-ஆவது தேசிய நீர்வழியில், இந்த வேலைகளைச் செய்தும் இருக்கிறது. ஆக ஆணையத்துக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் 111 நீர்வழிகளில் போக்குவரத்து நடப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கங்கைக்கும் பிரம்மபுத்திராவுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் 11 கிலோமீட்டர் கால்வாயை எப்போது திரும்பிப் பார்ப்பார்கள் என்பது யாருக்கும் புரியக்கூடிய கணக்கு. நான் ஆணையத்தின் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் ஒதுக்குவேன்.

கால்வாய் என்ற உருப்படி மாநில நீர்வளத் துறையுடையது. பொதுப்பணித் துறையோடு இருந்தது 2021-இல் தனித்துறை ஆனது. கரையோரப் புறம்போக்கும் சர்வே கல்லும் வருவாய்த் துறை. கரையில் குப்பை, ரோடு, ஓடை என்றால் கொல்லங்கோடு நகராட்சியோ தூத்தூர் ஊராட்சியோ, எந்த இடம் என்பதைப் பொறுத்து. கால்வாயில் கடல்நீர் ஏறி இறங்குவதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் வரும், படகுத்துறைக்கு நாலு தூண் நட்டாலும் அதற்குத் தனி அனுமதி.

படகுக்கு வேறு கதவு. குளச்சல், கன்னியாகுமரி சிறு துறைமுகங்கள் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் இருக்கின்றன. விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். "அவங்கட்ட கேட்டா ஆகாதா?" என்றார் அண்ணன். அது கடல், இது கால்வாய். மீன்பிடிப் படகென்றால் மீன்வளத் துறை. சவாரிப் படகுக்கு அங்கேயும் வேலை இல்லை.

நம் படகுக்குப் பொருந்துவது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். பதிவு, ஆய்வு, ஓட்டுநர் தகுதி, காப்பீடு, பாதுகாப்புக் கருவி எல்லாம் இதில் அடக்கம். நடைமுறைப்படுத்துவது மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. நீர்ப்பரப்புகளை அலை உயரத்தை வைத்து மூன்று மண்டலமாகப் பிரிக்கிறார்கள். எஞ்சின் இல்லாத வள்ளம், தோணிகளை உள்ளாட்சி மட்டத்திலேயே பதியலாம் என்றும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் எடுத்த பதிவு நாடு முழுக்கச் செல்லும் என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. பூவாறுப் படகு நீரோடி தாண்டியதும் சட்டவிரோதம் ஆகிவிடாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சவாரிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு இந்தப் பதிவு, ஆய்வு எல்லாம் வெறும் காகிதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன்: லைஃப் ஜாக்கெட் முதலில், பெயின்ட் பிறகு.

மனுவின் பயணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அலுவலகங்களின் பெயர் வேண்டாம். ஒரே பக்கத்தில் இரண்டு கோரிக்கை எழுதினேன்: இந்தக் கால்வாயில் பன்னிரண்டு பேர் படகு ஓட்ட யார் அனுமதி தரவேண்டும், படகு ஓடும் அளவுக்குத் தூர்வாருவது யார் பொறுப்பு. முதல் அலுவலகம் இருபது நாளில் பதில் அனுப்பியது. 'இக்கால்வாய் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டுள்ளதால் மனு தக்க நடவடிக்கைக்காக' என்று தொடங்கி இரண்டாவது அலுவலகத்துக்குத் தள்ளியிருந்தார்கள். இரண்டாவது அலுவலகம் இரண்டு மாதம் கழித்து, 'கால்வாயின் பராமரிப்பு மாநில அரசைச் சார்ந்ததால்' என்று முதல் அலுவலகத்துக்கே திருப்பியது. அதன் நகல் எனக்கு வந்தபோது, என் மனுவின் தலைப்பில் இருந்த 'படகு' காணாமல் போய் 'கால்வாய் தூர்வாருதல் தொடர்பாக' என்று மாறியிருந்தது. முதல் கேள்விக்கான பதில் கடைசிவரை எழுத்தில் வரவே இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு கடிதமும் சட்டப்படி சரி.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. தேசிய நீர்வழியின் குறுக்கே பாலமோ குழாயோ மின்கம்பியோ போனால் ஆணையத்திடம் தடையின்மைச் சான்று வாங்கவேண்டும். நோக்கம் நல்லது. படகு போகும் உயரத்தை யாராவது அடைத்துவிடக் கூடாதே. ஆனால் வீட்டுக்கும் ரோட்டுக்கும் இடையே கால்வாய் ஓடுகிற ஊரில் ஒரு சிறுபாலம் போடுவதற்கும் அந்தக் கடிதம் வேண்டும். படகு வராமலே படகுக்கான தடை மட்டும் ஊருக்குள் வந்துவிட்டது. வாங்காமல் போட்ட பலகைகளும் சிலாப்களும் எத்தனை என்று நான் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

கழியும் டேப்பும்

நாலாவது மாதம், அனுமதி கிடக்கட்டும், முதலில் தண்ணீர் இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் அளக்கப் போனோம். மூங்கில் கழியில் அரை அடிக்கு ஒரு பெயின்ட் கோடு, கையில் முப்பது மீட்டர் டேப்.

நீர்வழிகளை வகைப்படுத்தும் 2006-ஆம் ஆண்டு விதிகளில் கடைசிப் படி முதலாம் வகுப்பு. கால்வாய் என்றால் அதற்கே ஆழம் 1.5 மீட்டர், அடி அகலம் 20 மீட்டர், பாலத்துக்கடியில் 4 மீட்டர் உயரம் வேண்டும். இது 100 டன் சரக்குப் படகுக்கான அளவு. நம் படகுக்கு அவ்வளவு தேவையில்லை, முக்கால் மீட்டர் ஆழமிருந்தால் எஞ்சின் இலை மண்ணில் இடிக்காது.

முதல் இடத்தில் கழி இரண்டு கோடு நனைந்தது. அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. கழியை அழுத்தினேன், இன்னும் நாலு கோடு இறங்கியது. அது தண்ணீர் இல்லை, சேறு. வெளியே இழுத்தபோது கருப்பாக வழிந்தது. பழைய கதம்பல் நாரும் ஒரு பால் பாக்கெட்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டாவது இடத்தில் டேப்பை நீட்டவே அவசியம் இல்லை, அண்ணன் தாண்டிக் குதித்தார். மூன்றாவது இடத்தில் ஆகாயத்தாமரை இல்லாத ஓர் இருபது அடிக்கு உண்மையிலேயே நல்ல தண்ணீர். அங்கே ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். "இதுல படகு ஓடுமாலே?" என்றார் அண்ணன். "காகிதக் கப்பலா?" என்றான் அவன்.

கால்வாய் தூர்ந்தது அலட்சியத்தால் மட்டும் அல்ல, அதன் அமைப்பே அப்படி. மலையிலிருந்து இறங்கும் சானலுக்குச் சரிவு உண்டு, தண்ணீரே மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். கடலுக்கு இணையாக வெட்டிய கால்வாய்க்குச் சொந்தச் சரிவு கிடையாது. ஒரு முனையில் நெய்யாற்றுப் பொழி, மறு முனையில் குழித்துறை ஆற்றுப் பொழி. பொழி என்றால் ஆறு கடலில் சேரும் வாய். எந்தப் பொழி திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நீர் நகரும். இரண்டும் மணலடித்து மூடினால் நிற்கும், நின்றால் சேறு படியும். இதற்கிடையே கடலரிப்பில் அலை ரோட்டைத் தாண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆகவே இந்தக் கால்வாயின் ஆழம் அதன் இரண்டு வாயிலும் தீர்மானமாகிறது. குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் வாயில் இருப்பது மீன்பிடித் துறைமுகம். அங்கே அலைத்தடுப்புச் சுவர், மணல் அள்ளுதல் எல்லாம் மீன்வளத் துறையின் கணக்கில் வரும். வாயில் மணல் சேர்ந்து மீனவர் படகு கவிழ்ந்து உயிர் போவதுதான் அவர்களுக்கு முன்னிற்கும் கவலை. அது நியாயமும்கூட. கால்வாயின் பெயர் அந்தக் கோப்பில் வர வேண்டிய காரணமே இல்லை. கால்வாய்க் கோப்பு வைத்திருப்பவருக்கோ பொழியில் கைவைக்க அதிகாரம் இல்லை.

ஏழு மாதத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நிலத்துக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், படகுக்கு ஒருவர், வாய்க்கு ஒருவர் என்று பொறுப்பு பிரிந்திருக்கிறது. ஆழத்துக்கு என்று யாரும் இல்லை. கேரளப் பக்கமும் இதே கதைதான். அங்கே 2017-இல் நீர்வழிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, மேற்குக் கடற்கரைக் கால்வாயை மேம்படுத்துகிறார்கள். ஆனால் அந்தத் திட்டம் கோவளத்தில் தொடங்கி வடக்கே பேக்கல் வரை, 616 கிலோமீட்டர். கோவளத்துக்குத் தெற்கே பூவாறு அவர்கள் வரைபடத்திலும் வெளியேதான். பூவாறில் படகு ஓடுவது ஆற்றின் கழிமுகத்தில் தண்ணீர் இருப்பதால், எந்தத் திட்டத்தாலும் இல்லை.

படகை மறந்துவிட்டாலும் கால்வாயைக் கவனிக்க ஒருவர் தேவை. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில் அலைக்குப் பயந்து உள்பக்கம் ஓடியவர்களை வழிமறித்தது இதே கால்வாய்தான். பலர் அதில் விழுந்து இறந்தார்கள். வெளியேறும் வழி, மழைத்தண்ணீர் வடியும் வழி, இவற்றுக்காகத்தான் முதலில் இதைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வகையில் பொறுப்பு நீர்வளத் துறையிடம் ஒரே கையாக இருப்பதும், படகுப் போக்குவரத்துக்காக நீர்வழிகள் ஆணையம் அதன்மேல் வந்து சேர்ந்துகொள்வதும்தான் முறை. வேண்டுமானால் இரண்டு மாநிலமும் மீன்வளத் துறையும் சேர்ந்து பொழி திறக்கும் நாளைப் பேசி வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

பழையாறு

நம் மாவட்டத்தில் இன்னொரு தேசிய நீர்வழியும் இருக்கிறது என்று சொன்னால் நாகர்கோவிலில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். 77-ஆவது எண், பழையாறு. வீரநாராயணமங்கலம் பாலத்திலிருந்து மணக்குடியில் கடலில் சேரும் இடம் வரை 20 கிலோமீட்டர். வழியில் பாசனத்துக்கான தடுப்பணைகள், ஊர்ச் சாக்கடை, மணக்குடியில் காயலும் பறவைகளும். அணையில் தண்ணீரைத் தேக்கினால்தான் நாஞ்சில் நாட்டு வயலுக்குப் பாயும். அணையை எடுத்தால்தான் படகு போகும். இந்தப் பட்டியலை யாரோ வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்துத் தயாரித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். 99-ஆவது எண்ணில் தாமிரபரணி என்று இருக்கிறதே என்று அண்ணன் கடைசியாக ஒரு நம்பிக்கை வைத்தார். அது திருநெல்வேலித் தாமிரபரணி, அதே பெயரும் உள்ள நம் குழித்துறை ஆறு அல்ல.

படகு

எட்டாவது மாதத் தொடக்கத்தில் பூவாறில் விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், கொடுத்த விலையில் பன்னிரண்டாயிரம் குறைத்து. ஓலைப் பந்தலுக்கடியில் இருந்த படகை ஆறு பேர் சேர்ந்து மினி லாரியில் ஏற்றினோம். எஞ்சினைச் சாக்கில் சுற்றி டிரைவர் காலடியில் வைத்தார்கள். லைஃப் ஜாக்கெட் பன்னிரண்டும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலே போயின.

தூத்தூரிலிருந்து நீரோடி வரை லாரி கால்வாய்க்கரை ரோட்டிலேயே போனது, இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஆகாயத்தாமரை. படகின் முன்மூக்கு லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எதிரே பஸ் வரும்போதெல்லாம் ஒதுங்கவேண்டியிருந்தது. பொழியூரில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் கேட்டார்: "ஏண்ணே, கால்வாய் நேரா பூவாறுக்குத்தானே போகுது, தண்ணியில விட்டுருந்தா எனக்கு எதுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வாடகை?"

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாடகையை எண்ணிக் கொடுத்தேன்.